வீட்டு மின்சாரமும் வெறுங்கையும்



முன்னாளில் வீட்டுக்கு ஒரு வைத்தியர் உண்டு என்பார்கள். தலைவலி என்று சொல்லி வாய் மூடுமுன் சுக்கு, மிளகு, திப்பிலி என்று அவர் அடுக்கத் தொடங்கிவிடுவார். இந்நாளில் வீட்டுக்கு ஒரு மின்பொறியாளரும் தோன்றியிருக்கிறார். அவர் எந்தக் கல்லூரியிலும் அத்துறையைப் பயின்றவர் அல்லர். அவரிடம் உள்ள கருவிகள் ஒரு திருப்புளி, பல் தேய்ந்த ஒரு குறடு, அளவு கடந்த தன்னம்பிக்கை ஆகிய மூன்றே. கஷாயம் தவறினால் வயிறு ஒரு நாள் கலங்கும், அத்தோடு போயிற்று. மின்சாரம் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேலூரில் எங்கள் தெருவில் அத்தகைய நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன், சொல்லாவிட்டாலும் உங்கள் தெருவிலும் அவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அலுவலகம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பட்டதாரி. ஓம் விதியை உறக்கத்தில் கேட்டாலும் பிழையின்றி ஒப்பிப்பார். மின்பணியாளரை அழைப்பது மட்டும் அவருக்குக் கௌரவக் குறைவு. "வருகிறவர் ஒரு திருகாணியைத் திருகிவிட்டு முந்நூறு ரூபாய் கேட்கிறார். அந்தத் திருகாணி என் கைக்குத் திரும்பாதா?" என்பது அவருடைய வாதம்.

அவர் வீடு பழைய வீடு. பீங்கான் கட்டையில் கம்பி கட்டிய பழங்காலத்துப் பியூஸ்தான் அங்கே இருந்தது. ஒரு கோடையில் குளிர்சாதனப் பெட்டியும், நீரிறைக்கும் மோட்டாரும், சலவைப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடவே, பியூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை பொறுத்த நண்பர், நான்காம் முறை மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டார். அன்று முதல் பியூஸ் போகவே இல்லை. பத்து நாள் கழித்துச் சுவருக்குள்ளிருந்து கருகிய நாற்றம் வந்தது.

பியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பது சிக்கனத்துக்காக அன்று. அளவுக்கு மீறி மின்னோட்டம் பாயும்பொழுது, சுவருக்குள் ஓடும் கம்பி சூடேறித் தீப்பற்றுமுன், தான் உருகி வழியைத் துண்டிப்பதே அதன் பணி. அதைத் தடித்த கம்பியாக மாற்றுவது, இரவில் குரைக்கிறதே என்று காவல் நாயின் வாயைக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது முயற்சி தாழ்வாரத்து விளக்கு. பழைய சுவிட்சைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, நிறுத்தினால் அணைந்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்தார். சில வாரங்கள் சென்றபின் அவர் மகன் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பல்பை மாற்ற முயன்றான். அதிர்ச்சி தாக்கி முக்காலியிலிருந்து கீழே விழுந்தான். முழங்கையில் காயத்தோடு தப்பினான். நடந்தது என்ன? சுவிட்ச் இருக்க வேண்டியது மின்சாரம் வரும் பேஸ் கம்பியில். நண்பர் மாட்டியதோ திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில். விளக்கு அணைந்தது, மின்சாரம் அணையவில்லை. சரியாக இயங்குவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு என்பதை அந்த விளக்கு ஒளிவீசியபடியே மறைத்து வைத்திருந்தது.

மூன்றாவது, மின்விசிறி. அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூரின் வெயிலை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. அத்தகைய ஒரு நண்பகலில் கூடத்து விசிறி நின்றுவிட்டது. நண்பர் இம்முறை எச்சரிக்கையோடு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டே ஏறினார். வியர்வை வழியும் கைகளால் விசிறியின் இரு கம்பிகளையும் பிரித்தார். அடுத்த கணம் கட்டிலின் மேல் வந்து விழுந்தார். 2012-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் குடிபுகுந்ததல்லவா? அவர் வீட்டிலும் ஒன்று இருந்தது. மெயினை நிறுத்தியதும், மின்வெட்டு வந்துவிட்டதென்று எண்ணி, அது தன் கடமையைத் தவறாமல் செய்யத் தொடங்கிவிட்டது. கெட்டுப்போன விசிறி சுழன்று காட்டாது. பகல் வேளையாதலால் விளக்கும் எரியவில்லை.

அன்று மாலை நண்பரின் மனைவியார் ஒரு மின்பணியாளரை வரவழைத்தார். ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர். தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. நண்பர் நடந்ததைச் சொல்லி, "இதற்குமுன் கம்பியைத் தொட்டபோதெல்லாம் இலேசாகச் சுரீர் என்றுதானே இருந்தது?" என்று கேட்டார். அந்த இளைஞர் சொன்ன விடை என் நெஞ்சில் பதிந்துவிட்டது: "ஐயா, காய்ந்த தோல் வேறு, ஈரத்தோல் வேறு. கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியும்."

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பிள்ளைகளாகிய உங்களுக்குத் தோலைப் பற்றி யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உப்பிட்டு வந்த பச்சைத்தோல் நீரில் ஊறியபின் எப்படி இருக்கும், காய்ந்து பதமானபின் எப்படி விறைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் உடலைப் போர்த்தியிருப்பதும் தோல்தான். அது நன்றாகக் காய்ந்திருக்கும்பொழுது அதன் மின்தடை ஒரு இலட்சம் ஓம் வரை இருக்கலாம். வியர்வை என்பது உப்பு நீர். அதில் நனைந்துவிட்டால், உடலின் மின்தடை முழுவதும் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

இப்பொழுது ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதை ஒரு இலட்சத்தால் வகுத்தால் 2.3 மில்லி ஆம்பியர். சுரீர் என்னும், அவ்வளவே. ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். ஒரு 60 வாட் குண்டு பல்புக்குத் தேவையானதைக் காட்டிலும் சற்றுக் குறைவுதான். ஆயினும் ஒரு மனிதரைக் கொல்ல அது போதும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் இதை ஆராய்ந்தவர். மின்சாரம் பாய்ந்தால் கையின் தசைகள் இறுகிவிடும். கம்பியை விட நினைத்தாலும் விரல்கள் விரியா. எந்த அளவு வரை கையை விடுவிக்க முடியும் என்பதைத் தாமே முன்வந்தவர்களைக் கொண்டு அவர் அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் ஓரிரு விநாடி மார்பின் வழியே பாய்ந்தாலே இதயம் தாளம் தவறிவிடக்கூடும்.

பியூஸ் நம்மைக் காக்காதோ என்று நீங்கள் கேட்கலாம். 5 ஆம்பியர் பியூஸ் என்பது 5000 மில்லி ஆம்பியர். 230 மில்லி ஆம்பியருக்கு அது அசையவே அசையாது. இன்றைய வீடுகளில் உள்ள எம்.சி.பி. சுவிட்சின் நிலையும் அதுவே. இவை கம்பியைக் காப்பவை. மனிதனைக் காப்பவை அல்ல.

மனிதனைக் காக்கவும் ஒரு கருவி உண்டு. டால்சியலே 1961-இல் அதன் ஒரு வகையை உருவாக்கினார். நம் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள். அது ஒரு கணக்கரைப் போன்றது. ஒரு கம்பியில் சென்ற மின்னோட்டம் மறுகம்பியில் முழுவதும் திரும்பியதா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கில் குறைந்தால், யாருடைய உடல் வழியாகவோ தரைக்குக் கசிகிறது என்று கொண்டு நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். ஆனால் ஒரு கையில் ஒரு கம்பியும் மறுகையில் மறுகம்பியும் பிடித்தவருக்கு அது உதவாது. சென்றதும் திரும்பியதும் சமமாக இருப்பதால் கணக்கு நேராகிவிடும். நம் நண்பர் பிடித்தது அவ்விதந்தான்.

ஈரத்தோலின் கொடுமைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற பாடகர் குளோத் பிரான்சுவா, 1978 மார்ச் 11-ஆம் நாள் பாரிசில் தம் இல்லத்துக் குளியலறையில் சுவர் விளக்கைச் சரிசெய்ய முயன்றபோது மின்சாரம் தாக்கி மாண்டார். அப்பொழுது அவருக்கு வயது 39.

அந்த இளைஞர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்தினார். உடனே விசிறியைத் தொட்டுவிடவில்லை. மின்சாரம் நிச்சயமாக உள்ள ஓர் இடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று முன்னமே பார்த்திருந்தார். பிறகு விசிறிக் கம்பிகளில் வைத்தார்; எரியவில்லை. வேலை முடிந்து மின்சாரம் வந்ததும் மீண்டும் முதல் இடத்தில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. டெஸ்டரே பழுதாகி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக அம்மூன்று சோதனைகள். "நிறுத்திவிட்டேன்" என்பது நண்பரின் நம்பிக்கை. "சோதித்தேன்" என்பது அந்த இளைஞரின் அறிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டுகள் பயிலும் மாணவரைக் கல்லூரி மாணவர் சிலர் குறைவாக மதிப்பதை நான் கண்டிருக்கிறேன். முந்நூறு ரூபாய் திருகாணிக்கு அன்று. எதை எப்பொழுது தொடலாம் என்ற அறிவுக்கு.

மாணவர்களே, நீங்கள் எதையும் செய்யக் கூடாது என்று நான் கூறவில்லை. மெயின் சுவிட்சும் இன்வெர்ட்டர் சுவிட்சும் எங்கே இருக்கின்றன என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மூன்று முளைப் பிளக்கின் பெரிய முளை நில இணைப்புக்குரியது. அதை ஒடித்து இரண்டு துளைகளில் செருகாதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருகியதுபோல் வீட்டுக்குள் நீர் புகுந்தால், நீரில் நின்றபடி எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காமல் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். இயலாவிட்டால் காய்ந்த மரக்கோலால் கம்பியை விலக்குங்கள்.

கம்பியைப் பிரிக்கும் வேலையை மட்டும் அதைப் பயின்ற கைக்கு விட்டுவிடுங்கள். அக்கைக்கு உரிய கூலியோடு உரிய மதிப்பையும் கொடுங்கள்.