தொண்டை நோவும் இருதயக் கதவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் எமக்கு வைத்தியத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும் எம் பிழை ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது; அதனைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி எம்மிடம் பயின்றாள். ஓடச் சொன்னால் ஓடாள். மாடிப்படியில் பாதியிலே நின்றுவிடுவாள். சோம்பல் என்று கடிந்துகொண்டோம். முன்பு தொண்டை நோவு வந்ததென்றும், பிறகு முழங்காலும் கணுக்காலுமாக வீக்கம் மாறி மாறி வந்ததென்றும் அவள் தாய் கூறியபோதும், கரிசற்காட்டுச் சூடு என்றே யாமும் சொன்னோம். மதுரையில் சோதித்தபோதுதான் இருதய வால்வு ஒன்று சுருங்கியிருப்பது தெரிந்தது.

இதற்கு ருமாட்டிக் இருதய நோய் என்று பெயர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையைப் பற்றுகின்றது. அதனை எதிர்க்க உடல் எழுப்பும் படை, பகைவர் இன்னார் வீட்டார் இன்னார் என்று பிரித்தறியாது, மூட்டுகளையும் இருதயத்தின் கதவுகளாகிய வால்வுகளையும் தாக்குகின்றது. மூட்டு ஆறிவிடும், வால்வில் தழும்பு நின்றுவிடும். பலர் நெருங்கி உறங்கும் வீடுகளில் இக்கிருமி எளிதிற் பரவும். செல்வம் மிக்க ஆஸ்திரேலியாவிலும் பழங்குடிக் குழந்தைகளிடம் இந்நோய் இன்னும் மிகுந்திருக்கின்றது.

டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தைச் சார்ந்த டாக்டர் அனிதா சக்சேனாவும் உடனுழைத்தோரும் அரியானாவின் பல்லப்கர்ப் பகுதியில் 5 முதல் 15 வயதுள்ள பள்ளிக் குழந்தைகள் 6,270 பேரைச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு அறிந்த அளவில் நோயாளர் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. எக்கோ கருவியால் பார்த்தபோதோ ஆயிரத்துக்கு 20 பேர்! காதுக்கு எட்டாதது கண்ணுக்கு எட்டிற்று.

இவ்வளவு முன்னதாகக் கண்டு பயன் என்ன என்று வைத்தியர்களுக்குள்ளேயே வழக்கிருந்தது. நோயாளி என்ற பெயர் வீணே வந்து சேருமல்லவா? பெண் குழந்தையாயின் அப்பெயர் நம் ஊர்களில் என்ன செய்யும் என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். உகாண்டாவில் 818 சிறார்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2022-இல் விடை தந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில், இரண்டாண்டில் நோய் முற்றியவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பெறாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். ஊசி பெறாதவர்களிலும் பெரும்பாலோர்க்கு நோய் முற்றவில்லை என்பதை மறைத்தலாகாது. ஆனால் அந்த எட்டுப் பேர் இன்னார் என முன்கூட்டி அறிவது எங்ஙனம்?

2013 முதல் அரசின் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து சோதிக்கும் நோய்களுள் இதுவும் ஒன்று. அவர்கள் வரும் நாளில் பிள்ளையைத் தறிவேலைக்கென்று நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலோடு தொண்டை நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்; அவர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். சங்கத்தார் கண் சிகிச்சை முகாம் நடத்தும்போது, ஒருநாள் வாடகைக்காவது எக்கோ கருவி ஒன்றைத் தருவிக்க வேண்டுகின்றோம்.

அச்சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கின்றாள். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி, அருப்புக்கோட்டைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு போகின்றாள்.