முகம் இழந்த இயேசு



நம்மில் கிறிஸ்தவர்கள் இருக்கிறீர்கள், இந்துக்கள் இருக்கிறீர்கள், சாமியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறீர்கள். நான் மதம் பேச வரவில்லை. ஒரு தேவாலயத்து ஜன்னலின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

இயேசு என்றதும் உங்கள் மனதில் எந்த முகம் வருகிறது? வெளுத்த தோல், தோளில் புரளும் பழுப்பு முடி. அப்படித்தானே? அந்த முகத்தை உலகமெங்கும் கொண்டு சேர்த்ததில் பெரிய பங்கு வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் 1940-இல் வரைந்த ஒரு படத்துக்கு உண்டு. அது கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. ஆனால் இயேசு யார்? மேற்கு ஆசியாவில் ஒரு யூதத் தாய்க்குப் பிறந்தவர். தச்சு வேலை செய்தவர். ரோமாபுரியின் ஆட்சிக்குக் கீழே நசுங்கிக் கிடந்த மக்களில் ஒருவர். அந்த ஆட்சியே அவரைச் சிலுவையில் அறைந்தது. அடிபட்டவருக்கு ஆளும் இனத்தின் நிறத்தைப் பூசிவிட்டார்கள்!

நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவைப் பாருங்கள். 1877 முதல் 1950 வரை அங்கே 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் எரித்தும் மரத்தில் தூக்கிலிட்டும் கொன்றன. அந்தக் கும்பல்களில் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனவர்களும் இருந்தார்கள். சிலுவையில் தொங்கியவருக்காக அழுத கண்கள் மரத்தில் தொங்கியவனுக்காக ஏன் அழவில்லை? ஜேம்ஸ் கோன் என்ற கறுப்பின இறையியலாளர் 2011-இல் ஒரு புத்தகமே எழுதி இதைக் கேட்டார்.

இனி அந்த ஜன்னலுக்கு வருவோம். அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரம். கறுப்பின மக்கள் உரிமைப் போராட்டத்துக்குக் கூடிய இடம் 16-ஆம் தெரு பாப்திஸ்து தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை. கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் வைத்த குண்டு அங்கே வெடித்தது. நான்கு சிறுமிகள் செத்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நேருக்கு 11. ஆடி மேயின் தங்கை சாராவுக்கு ஒரு கண் போனது.

அந்த வெடிப்பில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில் இருந்த இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்தது. உடல் அப்படியே நின்றது.

செய்தி கடல் கடந்து வேல்ஸ் நாட்டுக்குப் போனது. அங்கே ஜான் பெட்ஸ் என்ற கண்ணாடி ஓவியர், நான் ஒரு ஜன்னல் செய்து தருகிறேன் என்று முன்வந்தார். வெஸ்டர்ன் மெயில் பத்திரிகை நிதி திரட்டியது. அதில் ஒரு விதி வைத்தார்கள், கவனியுங்கள். ஒருவர் அரை கிரவுனுக்கு மேல் தரக் கூடாது. ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்குதான் அது. ஒரு பணக்காரர் முழுத் தொகையையும் தந்து பெயர் வாங்கிக்கொள்ளக் கூடாது, சாதாரண மக்கள் தர வேண்டும் என்பதற்காக அந்த விதி. சின்னப் பிள்ளைகள் கூட சில்லறைக் காசு கொடுத்தார்கள்.

1965-இல் அந்த ஜன்னல் பர்மிங்ஹாமில் ஏறியது. அதில் இருப்பவர் கறுப்பு இயேசு. சிலுவையில் அறைந்தது போல இரு கைகளும் விரிந்திருக்கின்றன. ஒரு கை அநீதியைத் தடுத்துத் தள்ளுகிறது. மறு கை மன்னிப்பை நீட்டுகிறது. எளியவருக்கு நீ செய்வதெல்லாம் எனக்கே செய்வது என்ற பொருளில், ஆங்கிலத்தில் சில சொற்கள் கீழே எழுதியிருக்கின்றன.

தோழர்களே, ஜன்னல் நீதி வாங்கித் தராது. குண்டு வைத்தவர்களில் முதல் ஆள் தண்டனை பெற்றது 1977-இல். மற்ற இருவருக்கு 2001-இலும் 2002-இலும்தான். நான்காவது ஆள் வழக்கே சந்திக்காமல் இறந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அப்படியானால் ஜன்னல் எதற்கு? பிள்ளையைப் புதைத்த தாய் ஞாயிறுதோறும் அங்கே வந்து தலை நிமிர்ந்து பார்க்கும்போது, வலிபட்ட கடவுள் தன் நிறத்தில் நிற்கிறார். உன் வலி சின்ன வலி இல்லை என்கிறார். ஆட்டுவிக்கிறவன் முதலில் நம்மிடம் பறிப்பது அந்த எண்ணத்தைத்தான். நம் சாவு செய்தியே இல்லை, நம் கண்ணீருக்கு மதிப்பில்லை என்று நம்மையே நம்ப வைத்துவிடுகிறான்.

இன்று வீடு போனதும் உங்கள் சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். எந்த மதமானாலும் சரி. அந்த முகத்தில் உங்கள் அம்மாவின் சாயல் இருக்கிறதா? உங்கள் பிள்ளையின் நிறம் இருக்கிறதா? பிள்ளைகள் கேட்டால் இந்த ஜன்னலின் கதையைச் சொல்லுங்கள். அரை கிரவுன் கொடுத்த அந்தப் பிள்ளைகளின் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.