குடும்பக் கணக்கும் கோடை விடுமுறையும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சிக்கனமாக் குடும்பம் நடத்துறது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தைந்து வருடம் ஒரு மில் ஆபீசில் அடுத்தவர் கணக்கை எழுதியவன் நான். ஐந்து பைசா இடித்தாலும் இருந்து கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அப்படிப்பட்டவன் வீட்டுக் கணக்கில் 3,000 ரூபாய்க்கு ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லுங்க, ஆனா வளையலையும் சேர்த்துச் சொல்லணும்" என்பது அவர் போட்ட நிபந்தனை.

1992 ஏப்ரல் கடைசி. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வந்து போட்டோக்களைக் காட்டினார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு ஐந்து. எனக்குச் சம்பளம் 2,100 ரூபாய். வாடகை, மளிகை, பால், பள்ளிக்கூடம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பது ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒரு வீம்பு. பீரோவில் என் மனைவியின் வளையல் இரண்டு இருந்தன. அவர் அம்மா போட்டுவிட்டது. ஆளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் அடகு வைத்தேன். இரண்டு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வீட்டில் "பழைய அரியர்ஸ் வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

ஊட்டிக்குப் போனோம். மே மாத சீசன். ரூம் கிடைக்காமல் கேட்ட வாடகையைக் கொடுத்தோம். மேட்டுப்பாளையத்து மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, பஸ்ஸில் ஏறினோம். ஏரியில் படகுக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். நான்தான் ஒவ்வொரு செலவுக்கும் மனசுக்குள் வட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் மாதா மாதம் 60 ரூபாய் வட்டி. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பொய். சைக்கிள் ரிப்பேர், சங்கச் சந்தா, நண்பர் வீட்டுக் கல்யாணம். இருபது மாதம் கட்டினேன், ஐந்து மாதம் கட்ட முடியவில்லை. 1994 ஜூனில் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பீரோவைத் திறந்தார்.

சத்தம் போட்டிருந்தால் தேவலை. ஒன்றும் பேசவில்லை. வெறுங்கையோடு கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தார். திரும்பி வந்து மூன்றாம் நாள், அடகுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். "மூவாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு வட்டி. அந்தக் காசுல இன்னொரு தடவ பாதி வழி போயிருக்கலாமேங்க" என்றார். பி.காம். படித்த எனக்கு இருபத்தைந்து மாதமாக வராத கணக்கு அது.

ஒரு வளையலை விற்று மற்றதை மீட்டோம். மீந்த அந்த ஒற்றை வளையல் இப்போதும் அவர் கையில்தான் இருக்கிறது.

அடுத்த மாதமே ஒரு காரியம் செய்தார். "வட்டிக்காரனுக்குக் கொடுத்த அந்த 60 ரூபாய், இத்தனை மாசமும் நம்ம சம்பளத்துலதானே போச்சு? அதை இனிமே போஸ்ட் ஆபீஸ்ல கட்டுங்க" என்றார். 1994 ஜூலையில் தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. ஆரம்பித்தோம். பாஸ்புக் அட்டையில் அவரே பேனாவால் 'ஊர் சுற்ற' என்று எழுதினார். அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று சட்டம். தொட மூன்று முறை ஆசைப்பட்டவன் நான்தான்.

கூடவே சமையல்கட்டு ஷெல்ஃபில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்து உட்கார்ந்தது. யார் செலவு செய்தாலும் அதில் எழுத வேண்டும். என் பீடா, டீ உட்பட. மகள் ஆறாம் வகுப்பு போனதும் மாதக் கூட்டல் அவள் பொறுப்பு.

அந்த நோட்டு ஒரு வருடம் ஓடிய பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. மாதச் செலவு எங்களைக் கவிழ்க்கவே இல்லை. கவிழ்த்தது எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை வருகிற செலவு. ஜூனில் பள்ளிக்கூடப் பணம், புத்தகம், யூனிஃபார்ம். ஐப்பசியில் தீபாவளித் துணி. அப்புறம் மொய். நண்பர்களே, மொய்யைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை! தை, வைகாசி, ஆவணி மூன்று மாதமும் பத்திரிகை மேல் பத்திரிகை. போகாமல் இருக்க முடியாது, கொடுக்காமல் வர முடியாது. இவை எல்லாம் ஏதோ திடீரென்று வந்து விழுவது மாதிரி ஒவ்வொரு வருடமும் நாங்கள் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தோம். தீபாவளி என்றைக்குத் திடீரென்று வந்திருக்கிறது? போன வருடத்து நோட்டைப் பார்த்து இந்த மூன்றையும் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த அன்றே எடுத்துத் தனிக் கவரில் போட்டோம். கைமாற்று நின்றுபோக இரண்டு வருடம் ஆனது. வருமானம் கூடவில்லை, வாங்குவதுதான் நின்றது.

1999-ல் ஆர்.டி. முதிர்ந்தபோது ஏறக்குறைய 5,000 ரூபாய் கைக்கு வந்தது. எங்கே போவது என்று வீட்டில் ஓட்டெடுப்பு. கடல் பார்க்க வேண்டும் என்றான் மகன். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு லீவில் கன்னியாகுமரிக்குப் போனோம். கோடைக் கூட்டம் இல்லாததால் ரூம் வாடகை பேசி வாங்க முடிந்தது. முதல் நாளைக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டோம். விவேகானந்தர் பாறைக்குப் படகு. பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர் சிலை. அது 2000 ஜனவரி 1-ந் தேதிதான் திறந்தார்கள், அதனால் படகிலிருந்தே அண்ணாந்து பார்த்தோம். சுசீந்திரம், மாத்தூர் தொட்டிப்பாலம், தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் டவுன் பஸ்ஸிலேயே. திங்கட்கிழமை அரண்மனை கிடையாது என்று முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மகனுக்குக் கொடுத்த 20 ரூபாயை அவன் நான்கு நாளும் பையிலேயே வைத்திருந்து, கடைசியில் நாகர்கோவிலில் மட்டிப் பழம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தான்.

மொத்தச் செலவு 3,340 ரூபாய். மீதியோடு திரும்பி வந்தோம். அந்தப் பயணத்தில் நான் வட்டி எண்ணவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வார்த்தை. இப்போது டூர் போக செல்போனிலேயே கடன் தருகிறார்கள். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. எனக்குக் கொடுத்த அடகுக்கடைக்காரர் இரண்டோடு நிறுத்தினார், அவரே தேவலை! தபால் நிலைய ஆர்.டி. இன்றைக்கும் உண்டு, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதம் ஆனது. அந்த விகிதத்தில் மாதம் 500 கட்டினால் ஐந்து வருடத்தில் நீங்கள் போட்டது 30,000, கைக்கு வருவது சுமார் 35,680. பெரிய லாபம் இல்லைதான். ஆனால் வட்டி உங்கள் பக்கம் வருகிறது.

ரயில் விஷயமும் சொல்லிவிடுகிறேன். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 ஏப்ரலிலிருந்து ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழு டிக்கெட். மடியில் இடித்துக்கொண்டு போகத் தயாரென்றால் பாதி. முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. பல ஊர் சுற்றுவதாக இருந்தால் ஊருக்கு ஊர் டிக்கெட் வாங்காமல் சுற்றுப்பயண டிக்கெட் கேட்டுப் பாருங்கள். தூரம் கூடக்கூட கிலோமீட்டருக்குக் கட்டணம் குறைகிற கணக்கு அது. ஊட்டி, கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே 7-ல் இ-பாஸ் வந்தது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நோட்டு இப்போது மகள் வீட்டில் இருக்கிறது. அவள் வீட்டுக்காரரும் அதில் டீச்செலவு எழுதுகிறாராம். எங்கள் வீட்டில் ஐந்தாவது 'ஊர் சுற்ற' பாஸ்புக் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் மறுபடி ஊட்டிக்குப் போகலாம், இந்தத் தடவை மலை ரயிலில், என்கிறேன் நான். வீட்டம்மா இன்னும் சரி சொல்லவில்லை.