ஹவாய்த் தீவில் ஒரு கார்த்திகை

ஹவாய்த் தீவுகளில் இலையுதிர் காலம் உண்டா என்று கேட்டால், மரங்களைப் பார்த்து விடை கூற இயலாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கே மரங்கள் பச்சையாகவே நிற்கின்றன. பருவம் மாறியதைக் கடல்தான் முதலில் அறிவிக்கிறது. ஒவாஹு தீவின் தென்கரையில் வைக்கீக்கி என்னும் இடம் இருக்கிறது. கோடையில் அலைகள் அங்கேதான் சிறக்கும். அக்டோபர் மாதம் பிறந்ததும் தென்கரை அடங்குகிறது; வடகரை விழித்துக்கொள்கிறது. அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளின் பக்கம் எழும் புயல்கள் பசிபிக் கடலைக் கலக்குகின்றன. அந்தக் கலக்கம் மூன்று நான்கு நாட்கள் பயணம் செய்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சீரான நீண்ட அலைத்தொடராக வடகரையை வந்தடைகிறது. கோடையில் குளம்போல் கிடந்த வைமியா வளைகுடாவில் அப்போது மாடி வீட்டின் உயரத்துக்கு அலை எழும்பும்.

ஹோனலூலு நகரில் ஓராண்டுக் காலம் தங்கிப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே எனக்கு வாய்த்த நண்பர் ஐவரும் அலைச்சறுக்கில் வல்லவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் துறைமுகத் தொழிலாளி. இருவர் என்னுடன் பயின்ற மாணவர். ஐந்தாமவர் மருத்துவமனையில் பணிபுரிந்த ஒரு பெண்மணி. பலகைமீது நின்று அலையின் சரிவில் வழுக்கி வரும் இந்த விளையாட்டை ஹவாய் மொழியில் 'ஹெஎ நலு' என்பர். 'நலு' என்றால் அலை. 'ஹெஎ' என்றால் வழுக்குதல். கட்டுமரம் அலைமுதுகில் ஏறிக் கரைசேர்வதை இளமையில் கண்டிருந்த எனக்கு இக்காட்சி முற்றிலும் புதிதாகத் தோன்றவில்லை. ஆனால் காண்பது வேறு, நிற்பது வேறு. பலகைமீது நான் நின்ற நேரத்தை யெல்லாம் கூட்டினால் ஒரு நிமிடம் தேறுமா என்பது ஐயமே. ஆகவே கரையில் அமர்ந்து, துணிகளையும் உணவுக் கூடையையும் காக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

கூடையை நான் காத்த முறையைப் பற்றி நண்பர்கள் பலவாறு பேசுவதுண்டு. ஜப்பானிய முன்னோரையுடைய நண்பர், கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுக் கவளம் கொண்டுவருவார். போர்ச்சுகல் வழிவந்தவர் இனிப்பு ரொட்டி கொண்டுவருவார். கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்கென்று பல நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அத்தோட்டங்கள் மறைந்துவிட்டன, அவற்றால் நேர்ந்த கூட்டு உணவு மட்டும் நிலைத்துவிட்டது.

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்று மாலை ஆசிரிய நண்பரின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. நம் நாட்டைப் போலவே அங்கும் குழந்தையின் முதலாண்டு நிறைவைப் பெருவிருந்தாகக் கொண்டாடுகிறார்கள். வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் கடலாடிவிட்டு வருவோம் என்று விடியற்காலையில் வடகரைக்குச் சென்றோம். அங்கேதான் பூசல் மூண்டது. ஓர் அலைக்கு ஒருவரே உரியவர் என்பதும், அலை முறியும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அது சொந்தம் என்பதும் அலைச்சறுக்கில் எழுதாச் சட்டங்கள். துறைமுக நண்பர் நெடுநேரம் காத்திருந்து ஏறிய அலையில் மாணவ நண்பர் குறுக்கே பாய்ந்துவிட்டார். பலகைகள் மோதின, மூத்தவரின் தோளில் காயம். கரைக்கு வந்ததும் வார்த்தை தடித்தது. ஐந்தாண்டு நட்பு ஐந்து நிமிடத்தில் அறுந்துவிடும் போலிருந்தது. வீடு திரும்பிய வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

பேசாவிட்டாலும் குழி தோண்டவேண்டும் அல்லவா? அங்கே விருந்துச் சமையலுக்கு 'இமு' என்னும் மண்ணடுப்பு உண்டு. தரையில் குழி வெட்டி, விறகடுக்கி, எரிமலைக் கற்களைச் செந்நிறமாகக் காய்ச்சுவர். அதன்மேல் பிளந்த வாழைத்தண்டைப் பரப்பி, இறைச்சியையும் கிழங்கையும் இலையில் பொதிந்து வைத்து, மண்ணால் மூடிவிடுவர். ஆறேழு மணி நேரம் சென்று திறந்தால் எல்லாம் வெண்ணெய்போல் வெந்திருக்கும். பூசலிட்ட இருவரும் ஆளுக்கொரு மண்வெட்டியுடன் குழியின் எதிரெதிர் ஓரங்களில் நின்றனர்.

ஆசிரியரின் பாட்டியார் ஒரு நாற்காலியில் அமர்ந்து எங்களை வேலைவாங்கினார். அங்கே மூத்த பெண்மணியரை உறவு இல்லாதவரும் 'ஆன்ட்டி' என்றே அழைப்பர்; நம்மவர் யாரையும் 'அத்தை' என்று அழைப்பது போலத்தான். அன்று அவர் கூறிய செய்திகளைப் பிறகு நூல்களிலும் படித்தேன். பழங்காலத்தில் சமையல் ஆண்களின் வேலை. ஒன்றல்ல, இரண்டு அடுப்பு மூட்டவேண்டும்: ஆண்களின் உணவுக்கு ஒன்று, பெண்களின் உணவுக்கு ஒன்று. ஆணும் பெண்ணும் ஒருங்கே உண்ணலாகாது என்பது சமய விலக்கு. பன்றி இறைச்சி, தேங்காய், வாழைப்பழத்தில் பெரும்பாலானவை ஆகியவை பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. மீறினால் உயிர்த்தண்டனையும் உண்டு.

ஆனால் கடலில் இவ்விலக்கு இல்லை! ஆணும் பெண்ணும், அரசரும் குடிமக்களும் அலையாடினர். கமேஹமேஹா அரசரின் தேவியாகிய காஹுமனு அலைச்சறுக்கில் பெயர்பெற்றவர். ஒரே கடலில் கணவனுடன் அலையேறி வந்த அரசி, கரையேறியதும் தனிக் கூரையின்கீழ்ச் சென்று உண்ணவேண்டும். இதைக் கேட்டபோது என் நினைவு பாட்டனார் வீட்டுக்குச் சென்றது. அறுவடை நாட்களில் வயலில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். உச்சிப்பொழுதில் சிலருக்குக் கூடத்தில் இலை, சிலருக்குத் திண்ணையில், சிலருக்கு வாசலுக்கும் அப்பால். சிறுவனாகிய நான் அதை இயற்கை என்றே எண்ணியிருந்தேன். அதைப் பாட்டியாரிடம் கூற எனக்கு நாணமாக இருந்தது. கூறவில்லை.

1819-ஆம் ஆண்டு மே மாதம் கமேஹமேஹா காலமானார். அவர் மகன் லிஹோலிஹோ அரசரானார். இருபது வயதைச் சற்றே கடந்தவர். காஹுமனுவும், இளவரசரின் அன்னையாகிய கியோபுவோலானியும் விலக்கு ஒழியவேண்டும் என்று வற்புறுத்தினர். அவ்வாண்டு நவம்பர் மாதம் கைலுவா என்னும் ஊரில் ஒரு விருந்து நடந்தது. ஆண்களுக்கு ஒரு பந்தி, பெண்களுக்கு ஒரு பந்தி. இளம் அரசர் பந்திகளைச் சுற்றிவந்தார், தயங்கினார், பின்னர்ச் சட்டென்று பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்ணத் தொடங்கினார். வானம் இடிந்து விழவில்லை. பன்னெடுங்காலக் கட்டு ஒரு வேளை உணவில் அறுந்தது. எனினும் விலை கொடாமல் அது முடியவில்லை. பழைய முறையைக் காக்க எழுந்த அரசரின் ஒன்றுவிட்ட சகோதரர் அடுத்த மாதமே போரில் மாண்டார். அருகில் நின்று போரிட்ட அவர் மனைவியும் மாண்டார்.

அந்தக் கட்டோடு வேறொன்றும் அறுந்தது. அதை எண்ணினால் எனக்கு இன்றும் வருத்தமே. நவம்பர் மாதத்தில் கதிரவன் மறையும் பொழுது கார்த்திகை மீன்கூட்டம் கீழ்வானில் எழும். அதனை அவர்கள் 'மகாலிஇ' என்பர். அது தோன்றிய பின் வரும் பிறையுடன் 'மகஹிகி' என்னும் விழாக்காலம் தொடங்கும். அது நான்கு மாதம் நீடிக்கும். போர் கூடாது, கடும் உழைப்பும் கூடாது, விளைவுக்குரிய தெய்வமாகிய லோனோவின் சின்னம் தீவைச் சுற்றி ஊர்வலம் வரும், மக்கள் மற்போரும் கல்லுருட்டலும் அலைச்சறுக்கும் ஆடிக் களிப்பர். பழைய சமயம் வீழ்ந்தபோது இவ்விழாவும் வீழ்ந்தது. மறு ஆண்டு கிறித்தவப் போதகர் வந்தனர். வெளிநாட்டார் கொண்டுவந்த நோய்களால் மக்கள் தொகை குன்றிக்கொண்டே போயிற்று. அலைமீது பலகைகளும் அருகின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விளையாட்டு மீண்டும் தழைத்தது. 1912-இல் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹானமோக்கு அதை உலகறியச் செய்தார். மகஹிகி விழாவோ நெடுங்காலம் உறங்கியது. 1980-களில் கஹோலவே தீவில் ஹவாய் மக்கள் அதை மீண்டும் தொடங்கினர்.

மாலையில் இமுவைத் திறந்தோம். முற்றத்தில் நீண்ட பாய்கள் விரித்திருந்தன. நான் புலால் உண்ணாதவன் என்பதை நினைவில் வைத்து, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பின் இலையைப் பாட்டியார் தனியே எடுத்துவைத்திருந்தார். தனி உணவு, ஆனால் தனிப் பந்தியன்று. நான் அவர் பக்கத்திலேயே அமர்ந்தேன்.

நடுவில் ஒரு பெரிய மரக்கிண்ணம். அதில் இருந்தது 'போய்' என்னும் களி. நம் வீட்டுச் சேப்பங்கிழங்கின் இனத்தை வேகவைத்து இடித்து, நீர் சேர்த்துக் குழைத்தது. இரண்டொரு நாள் சென்றால் பழங்கூழ்போல் புளிக்கும். விரலால் தொட்டு உண்பர். குழம்புபோல் இளகியிருந்தால் மூன்று விரல் வேண்டும். இறுகியிருந்தால் ஒன்றே போதும். சேம்புச் செடியை ஹவாய் மக்கள் தம் தமையனாகக் கருதுகின்றனர். ஆதிப் பெற்றோருக்கு முதலில் பிறந்து இறந்த குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்தது முதற் சேம்பு. அடுத்துப் பிறந்தவன் மனித குலத்தின் முதல்வன். இது அவர்கள் தொல்கதை. ஆகவே போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது தமையன் அவையில் இருக்கிறான். அவன்முன் சச்சரவு கூடாது.

காலைப் பூசல் அதுவரை புகைந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தின் மூடியைப் பாட்டியார் எடுத்தார். இருவரையும் பெயர் சொல்லி அழைத்துத் தமக்கு எதிரே அருகருகே அமர்த்தினார். காரணம் கேட்கவில்லை, நீதி கூறவில்லை. இரண்டு கைகள் ஒரே கிண்ணத்துக்குள் சென்றன. முதலில் ஒன்று வெளிவரும்வரை மற்றது காத்திருந்தது. சிறிது நேரத்தில் அந்தக் காத்திருத்தலும் மறைந்தது. கிழக்கே மலைமுகட்டின்மேல் கார்த்திகைக் கூட்டம் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் அந்நாளில் விளக்கேற்றுவோம் என்றேன். பாட்டியார் குழந்தையைத் தூக்கி அம்மீன்களைக் காட்டினார்.

விருந்து முடிந்தது. பாட்டியார் கிண்ணத்தை மூடினார். பிறகு அந்த இருவரையும் பார்த்து, "மூடியாயிற்று. இனி உங்கள் வழக்கைத் தொடரலாம்" என்றார். மூத்தவர் தோளைத் தடவிக்கொண்டார். இளையவர் எழுந்து கலங்களை அடுக்கினார். இருவரும் ஒன்றும் பேசாமல் அவற்றைக் கழுவக் குழாயடிக்குச் சென்றனர்.