பத்து சேனலும் முப்பது ரூபாயும்
(திருக்கோகர்ணத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்ளும் ஊர் நம்முடையது. அந்த அம்மனான பிரகதாம்பாளின் சந்நிதிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நம் வீட்டு டிவியில் தொலைந்துபோன ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்த சேனல் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் உரிமைதான் அது.

தடையின் வழி

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்பது பெற்றோரின் பழைய புகார். சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. 1994ஆம் ஆண்டுக் கேபிள் விதிகளில் 6ஆம் விதி, நாகரிகத்துக்கும் நல்ல ரசனைக்கும் ஒவ்வாத நிகழ்ச்சிகளைக் கேபிளில் காட்டக் கூடாது என்கிறது. இந்த வழியில் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் அந்நகரின் கல்லூரிப் பேராசிரியர் பிரதிபா நைத்தானி. வயது வந்தோருக்கான படங்களைக் கேபிளில் காட்டுவதற்கு எதிரான வழக்கு அது. அதன் தொடர்ச்சியாக 2006 ஆகஸ்டில் மும்பைக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. ஆங்கிலப் பட சேனல்கள் நகரத்தில் சில நாள் இருண்டு கிடந்தன. 2007இல் ஏ.எக்ஸ்.என்., எஃப்.டி.வி. ஆகிய இரண்டு சேனல்களையும் மத்திய அரசே தலா இரண்டு மாதம் முடக்க உத்தரவிட்டது.

தடை எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போடுகிறது. பிள்ளையே இல்லாத வீட்டுக்கும் அதே பூட்டுதான். அதோடு, பெற்றோரின் அச்சம் எப்போதும் நியாயமாக இருந்ததில்லை என்பதற்கு நம் புதுக்கோட்டையே சாட்சி. முத்துலட்சுமி ரெட்டி இங்கே மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் கேட்டிருந்தால், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அந்தப் பெண்மணி நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். ஆகவே ஒரு வீட்டின் கூச்சத்தை ஊருக்கே சட்டமாக்கத் தயங்குகிறேன். அதே சமயம், சந்தை தள்ளிவிடுவதை எல்லாம் ஒரு வீடு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஏற்க மாட்டேன்.

தேர்வின் வழி

நடுவில் ஒரு வழி இருக்கிறது. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கொடுப்பது. இந்தியாவில் இதை முதலில் நடத்திக் காட்டிய நகரம் சென்னை. 2003 செப்டம்பர் 1 முதல் அங்கே கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்றானது. பெட்டி வாங்கியவர்கள் குறைவு. பெரும்பாலான வீடுகள் இலவச சேனல்களோடு நிறுத்திக்கொண்டன. கேட்டால்தான் வரும் என்ற நிலை வந்தபோது, கேட்காமல் இருக்க மக்களுக்குத் தெரிந்திருந்தது.

நாடு முழுவதும் அந்த உரிமை வந்தது 2019 பிப்ரவரி 1 அன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அன்றைய விதியின்படி 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை. தனித்தனியாகவும் எடுக்கலாம், தொகுப்பாகவும் எடுக்கலாம். தொகுப்புக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கூடாது என்றும் டிராய் எழுதியிருந்தது. அந்த ஒரு விதியை 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் தொடுத்த வழக்கு அது. மற்ற விதிகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 30 அன்று உறுதி செய்தது. தள்ளுபடிக்கு மட்டும் வரம்பு இல்லாமல் போயிற்று.

விளைவைக் கணக்காகவே பார்ப்போம். தலா 10 ரூபாய் விலையில் பத்து சேனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எடுத்தால் 100 ரூபாய். 70 விழுக்காடு தள்ளுபடியில் தொகுப்பாக எடுத்தால் 30. அந்த அளவு தள்ளுபடி நடப்பில் இருந்ததை 2019இல் டிராயே எடுத்துச் சொன்னது. மூன்று சேனல் போதும் என்கிற தாய்க்கும் 30 ரூபாய்தான். அதே பணத்துக்குப் பத்தும் வரும்போது எந்தக் குடும்பம் மூன்றை எடுக்கும்? வேண்டாத ஏழும் ஓசியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2022 நவம்பரில் தள்ளுபடிக்கு 45 விழுக்காடு வரம்பு வந்தது. அப்போதும் தொகுப்பு 55 ரூபாய். ஆறு சேனலைத் தனியாக எடுத்தாலே அது 60 ரூபாய்.

தேர்வின் வழிக்கு இன்னொரு மறுப்பும் இருக்கிறது, அது வலுவானது. நம்மை நெளிய வைக்கும் குத்துப்பாட்டும் இரட்டை அர்த்த நகைச்சுவையும் யாரும் அறியாத சேனலிலா வருகின்றன? பாட்டி சீரியல் பார்க்கும் அதே சேனலில்தான். அந்த சேனலை எந்த வீடும் நிறுத்தாது. அங்கே தேர்வு உதவாது, புகார்தான் உதவும். 2021 ஜூனில் திருத்திய விதிப்படி, புகார் வந்த 15 நாளுக்குள் சேனல் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்புக்கும், அதற்கு மேல் அரசுக் குழுவுக்கும் போகலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள். அடுத்த முறை ரீசார்ஜ் செய்யும்போது கேபிள்காரரிடம் தொகுப்பு விலையோடு தனி விலைப் பட்டியலையும் கேளுங்கள். நெளிய வைத்த காட்சியைத் திட்டிவிட்டு விடாமல் சேனல், நாள், நேரம் குறித்துப் புகார் எழுதுங்கள். மூன்றாவது டிராய்க்கு: அந்தப் பழைய 15 விழுக்காட்டு வரம்பை, நீதிமன்றம் ஏற்கும் காரணங்களோடு திரும்பக் கொண்டுவாருங்கள். தள்ளுபடி குறைந்தால்தான் வேண்டாம் என்ற சொல்லுக்கு விலை கிடைக்கும்.