விலை கொடுத்தவன் ஒருவன், சாவி வைத்திருப்பவன் வேறொருவன்

(தொழிலாளர் படிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் போனை ஒரு கடையில் வாங்குகிறோம். சிம் கார்டை வேறு கடையில் வாங்கிப் போடுகிறோம். அமெரிக்காவில் வெகுகாலம் அப்படியில்லை. வெரைசான், ஏடி அண்ட் டி, ஸ்பிரிண்ட், டி-மொபைல் என்ற நான்கு தொலைபேசிக் கம்பெனிகளிடம்தான் பெரும்பாலோர் போனையே வாங்கினார்கள். கையிலிருந்து கொடுப்பது கொஞ்சம். ஆனால் இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் விலகினால் அபராதம். (2020-ல் ஸ்பிரிண்ட், டி-மொபைலோடு சேர்ந்துவிட்டது.)

போன் என்பது வெறும் கண்ணாடியும் தகடுமல்ல. அதை இயக்குவது மென்பொருள். அதில் ஓட்டை கண்டால் அடைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கூகுள் புது மென்பொருளை எழுதியதும் அது நேரே நம் கைக்கு வந்துவிடாது. போன் செய்யும் கம்பெனி அதைத் தன் போனுக்கேற்பத் திருத்த வேண்டும். பிறகு தொலைபேசிக் கம்பெனி சோதித்து முத்திரை போட வேண்டும். அந்த வாசலில்தான் கதவு சாத்தியிருந்தது.

சோதனையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆபத்து வேளையில் போட்ட அழைப்பு போகாமற்போனால் உயிரல்லவா போகும்! ஆனால் சோதனை வேறு, சாக்கு வேறு.

கேலக்ஸி நெக்ஸஸ் என்ற போனைப் பாருங்கள். வெரைசான் அதை 2011 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012 ஜூலையில் ஆண்ட்ராய்டு 4.1 வெளிவந்தது. கம்பெனித் தளையில்லாமல் அதே பெயருள்ள போனை வாங்கியவர்களுக்கு அந்த மாதமே கிடைத்தது. வெரைசானிடம் வாங்கியவர்களுக்குச் செப்டம்பரில்தான் வந்தது. கூகுளின் பெயரால் விற்ற போனுக்கே இந்தக் கதி! மற்ற எத்தனையோ போன்களுக்கு அது வரவேயில்லை.

ஏன் இந்தத் தாமதம்? பழைய போனுக்குப் புது மென்பொருள் கொடுத்தால் கம்பெனிக்குக் கூடுதலாக ஒரு காசு வராது. புதுப் போன் விற்றாலோ வாடிக்கையாளர் இன்னும் இரண்டு வருஷம் கட்டுண்டு கிடப்பார். அவசரப்பட அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

முடியாத காரியமா இது? இல்லை. 2007-ல் ஐபோன் வந்தது. அதன் மென்பொருளை ஆப்பிள் கம்பெனியே வாங்கியவருக்கு நேரே அனுப்பியது. அதே தொலைபேசிக் கம்பெனிகள் அங்கே வழிவிட்டன. பலமுள்ளவன் கேட்டால் கதவு திறக்கிறது; தனி மனிதன் கேட்டால் "சோதனை நடக்கிறது" என்ற பதில்தான்!

2011-ல் கூகுளும் போன் செய்வோரும் இந்தத் தொலைபேசிக் கம்பெனிகளும் கூடி, புதுப் போன்களுக்கு 18 மாதம் புது மென்பொருள் தருவோமென்று வாக்களித்தார்கள். வாக்கு மேடையோடு நின்றது.

2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. படம் பொதிந்த ஒரு செய்தியை அனுப்பியே அந்நியன் போனுக்குள் புகலாம். சுமார் 95 கோடிப் போன்கள் ஆபத்திலிருப்பதாகக் கண்டுபிடித்தவர்கள் கணக்கிட்டார்கள். கூகுள் மருந்து எழுதியது. மருந்தும் அதே வாசல்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது!

மக்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம் 2013 ஏப்ரலில் நான்கு கம்பெனிகள் மீதும் மத்திய வர்த்தக ஆணையத்தில் புகார் கொடுத்தது. 2016 மே மாதம் அரசு ஆணையங்கள் கம்பெனிகளிடம் விளக்கம் கேட்டன. ஐரோப்பிய ஒன்றியம் மேலும் ஒரு படி சென்றது. விற்பனை நின்ற பிறகும் மென்பொருள் புதுப்பிப்புக்கு 5 வருஷக் கெடு வைக்கும் விதி அங்கே 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கிறது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? நம் ஊரில் இந்த வாசலில் நிற்பது பெரும்பாலும் போன் செய்த கம்பெனிதான். கூலிப் பணத்தில் போன் வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வருஷம் பாதுகாப்பு மென்பொருள் தருவீர்கள் என்றும் கேளுங்கள். சம்பளம் போடும் வங்கிக் கணக்கும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. தனியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் சேர்ந்து கேட்போம். விலை கொடுத்தவன் கையில்தான் சாவியும் இருக்க வேண்டும்!