வாழைப்பூவை மோரில் போடுவது ஏன்?
(பெரிய மார்க்கெட்டில் பொதுமக்களிடையே பேசிய உரையின் எழுத்து வடிவம்)



காய் வாங்க வந்தவங்களை நிறுத்தி வெச்சுப் பேசுறேன். சீக்கிரமே முடிச்சுடறேன். நான் பள்ளியில உயிரியல் சொல்லித் தர்ற ஆசிரியர். ஆனா இன்னைக்குப் பாடத்தை உங்க பையிலிருந்தே ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.

நேரு வீதிப் பக்கமா உள்ளே நுழைஞ்சு ஒரு வாழைப்பூ வாங்கிட்டுப் போறீங்க. நறுக்கினதும் என்ன செய்வீங்க? மோர் கலந்த தண்ணியில போடுவீங்க. ஏன்னு கேட்டா, "கறுத்துப் போயிடும் சார்" என்பீங்க. சரி, மோருக்கும் கறுப்புக்கும் என்ன சம்பந்தம்?

வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாத்திலும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கு. நொதி என்றால் என்சைம்; உயிருள்ள பொருள்களில் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். கத்தி பட்டதும் செல்கள் உடையும். உள்ளே தனித்தனியா இருந்த நொதியும் பீனால் பொருள்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும். பழுப்பு நிறம் உண்டாகும். இந்த நொதி புளிப்பு இல்லாத நடுநிலைக்குப் பக்கத்தில்தான் நல்லா வேலை செய்யும். மோரின் புளிப்பில் அதன் வேகம் குறையும். எலுமிச்சையின் புளிப்பில் ஏறக்குறைய நின்றே போகும். நம்ம பாட்டிமார் கைப்பழக்கமா செஞ்சது ஒரு நல்ல பரிசோதனை.

புளிப்பை எண்ணால் சொல்றதுக்குத்தான் பி.எச். என்ற அளவு. 7 என்றால் நடுநிலை. அதுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு எண் இறங்கினா அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். இந்த அளவை 1909-இல் சோரன்சன் என்ற விஞ்ஞானி டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் உருவாக்கினார். எதுக்குத் தெரியுமா? நொதிகளைப் பற்றி ஆராயறப்போ அமிலத்தின் அளவைத் துல்லியமா சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. அதுக்கும் முன்னாடி, 1833-இல், புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தாங்க. முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதி அதுதான்.

அதே வேலையைச் செய்யும் அமைலேஸ் நம்ம எச்சிலிலும் இருக்கு. பள்ளி ஆய்வகத்தில் மாணவர்கள் இதை வெச்சுத்தான் சோதனை செய்றாங்க. மூணு சோதனைக் குழாய். பி.எச். 5, 6.8, 8. மூணிலும் ஒரே அளவு மாவுக்கரைசல், ஒரே அளவு எச்சில், ஒரே வெப்பநிலை 37 டிகிரி. நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து அயோடின் மேல விடணும். மாவுச்சத்து இருக்கிற வரைக்கும் கருநீலம். தீர்ந்ததும் அயோடினின் பழுப்பு நிறம் மட்டுமே நிற்கும். 6.8 குழாய்தான் முதல்ல முடிக்கும். பிள்ளைங்க இதில் கத்துக்க வேண்டியது விடை மட்டும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை எல்லாம் மாறாமல் வைக்கணும் என்பதுதான்.

வீட்டிலேயே செய்யலாம். வாழைக்காயைத் தோல் சீவி ஒரே அளவாக ஐந்து துண்டு நறுக்குங்க. ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவைங்க. மற்ற நான்கையும் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் இவற்றில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துத் தட்டில் வைங்க. உள்ளேயே ஊறவிடாதீங்க, காற்று படணும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுங்க. வினிகர் எதுக்குன்னா, எலுமிச்சையில் அமிலத்தோடு வைட்டமின் சி-யும் இருக்கு. அதுவும் கறுப்பைத் தடுக்கும். வினிகரில் அது கிடையாது. அப்போ அமிலம் தனியா எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிடும். வெந்த துண்டு கறுக்கலைன்னா, சூட்டில் நொதி கெட்டுப்போச்சுன்னு புரியும்.

இவ்வளவு எதுக்குச் சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, ரத்தக் கொதிப்பு உள்ளவங்க. "உடம்பில் அமிலம் சேர்ந்தா எல்லா நோயும் வரும், தினமும் சோடா உப்புத் தண்ணி குடி" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி மாசக்கணக்கா குடிச்சாங்க. கால் வீங்கினப்புறம்தான் டாக்டரிடம் போனாங்க. அவர் முதல்ல நிறுத்தச் சொன்னது அந்தத் தண்ணியைத்தான். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் சுமார் 1.2 கிராம் சோடியம் இருக்கு. பெரியவங்களுக்கு நாள் முழுக்க 2 கிராமுக்குள்ள இருக்கணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

அமிலம் பகை இல்லைங்க. இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சின், பி.எச். 2 அளவில்தான் நல்லா வேலை செய்யும். அங்கிருந்து உணவு சிறுகுடலுக்குப் போனதும், கணையம் தானே காரச் சாறு விட்டு அமிலத்தைத் தணிக்கும். அங்கே வேலை செய்யும் டிரிப்சினுக்கு 8 தேவை. ரத்தத்தின் அளவை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு அளவு. "அமிலம் கெட்டது, காரம் நல்லது" என்று ஒரே வரியில் சொல்ற செய்தி எதுவும் உண்மையா இருக்க முடியாது. அதே சமயம், டாக்டர் எழுதிக் கொடுத்த அசிடிட்டி மாத்திரையை என் பேச்சைக் கேட்டு நிறுத்திடாதீங்க.

போனில் இப்படி ஒரு செய்தி வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எதோடு ஒப்பிட்டுச் சொல்றாங்க? வேற எதுவும் மாறலையா? நான் செய்து பார்க்க முடியுமா, இல்லேன்னா டாக்டரைக் கேட்கணுமா? நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கிற தண்ணீர் பாட்டிலைப் பார்த்தா, லேபிளில் 14 இலக்க உரிம எண் இருக்கான்னு பாருங்க. ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். ஏமாற்று விளம்பரத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னைக்கு வாழைப்பூ வாங்கினவங்க, நறுக்கும்போது பிள்ளைங்களைப் பக்கத்துல கூப்பிட்டு உட்கார வைங்க. அவங்க போனுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும்.